மாலை ஆறு மணிக்குள் உதவி வேண்டும்: வீட்டில் கடைப் பர்கர் வரவில்லை

மிசிசாகா புதியவள்: மகளின் வகுப்புத் தோழிகள் முதன்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள். கடையில் கிடைப்பதைப் போன்ற மாட்டிறைச்சிப் பர்கர் தருவதாக அவள் சொல்லிவிட்டாள். காலையில் செய்து பார்த்தேன். இறைச்சி சுருங்கி, ரப்பராகிவிட்டது. புகை அலாரமும் அலறியது. அழுகையாக வருகிறது. என்ன செய்வது?

ஸ்காபரோ அண்ணன்: தங்கச்சி, அலாரத்தின் பேட்டரியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். கனடாவில், நம் ஒன்ராறியோ மாகாணத்தில் அது சட்டப்படி குற்றம். நான் வந்த புதிதில் பேஸ்மென்ட் அறைதான். அடுப்பும் இல்லை, சன்னலும் இல்லை. குளிர்காலம் முழுவதும் கெட்டிலில் கொதித்த நூடுல்ஸ். வீட்டுக்காரரிடம் நல்லபடியாக இருங்கள், அதுதான் முக்கியம்.

கோவை மருமகள்: முட்டை, ரொட்டித்தூள், வெங்காயம், கரம் மசாலா போட்டு நன்றாகப் பிசையுங்கள். உடையவே உடையாது.

பிராம்ப்டன் ராத்திரி ஷிஃப்ட்: அக்கா, அப்படிச் செய்தால் கட்லெட்தான் வரும். பிசையவே கூடாது. உப்பை முன்கூட்டிக் கலந்தாலும் இறைச்சி இறுகிவிடும்.

கோவை மருமகள்: என் வீட்டில் எல்லோரும் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள்.

மார்க்கம் வாசி: மாட்டிறைச்சி விற்கிற விலைக்கு இதெல்லாம் தேவையா? வாடகை, கார் காப்பீடு, இப்போது பர்கருமா? இட்லி கொடுங்கள், பிள்ளைகள் பழகட்டும்.

ஸ்காபரோ அண்ணன்: காப்பீட்டைப் பற்றிப் பேசினால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

பிராம்ப்டன் ராத்திரி ஷிஃப்ட்: அதை அப்புறம் பேசுவோம், அண்ணா. நான் பர்கர் கடை அடுப்படியில் வேலை செய்கிறேன். அக்கா, அரைத்த இறைச்சிப் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது? எதில் சுட்டீர்கள்?

மிசிசாகா புதியவள்: எக்ஸ்ட்ரா லீன். நான்ஸ்டிக் தவா. ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தோசைக்கல்லும் இருக்கிறது.

பிராம்ப்டன் ராத்திரி ஷிஃப்ட்: காரணம் அதுதான். இங்கே எக்ஸ்ட்ரா லீனில் கொழுப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருக்காது. லீனில் 17, மீடியத்தில் 23, ரெகுலரில் 30 வரை. கொழுப்பில்தான் சாறும் மணமும். மீடியம் வாங்குங்கள். நான்ஸ்டிக்கை அந்தச் சூட்டுக்குக் காய்ச்சக் கூடாது, தோசைக்கல்லை எடுங்கள்.

60 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, குளிர்பெட்டியில் வையுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனைப் போட்டு, சன்னலைத் திறந்துவிட்டு, கல்லை நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் வேண்டாம். உருண்டையை வைத்து, மேலே பார்ச்மென்ட் தாள் (ஒட்டாத பேக்கிங் தாள்) போட்டு, தட்டைக் கரண்டியால் ஒரே அழுத்து. அரை நிமிடம் போனபின் அழுத்தினால் சாறு முழுக்க ஓடிவிடும். இப்போது உப்பும் மிளகும். விளிம்பு முறுகியதும் அடியோடு சுரண்டித் திருப்பி, சீஸை வையுங்கள். பன்னுக்கு இரண்டு அடுக்கு. பன்னை வெண்ணெயில் வாட்ட மறக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு என்பதால் சிவப்பாக விடாதீர்கள். அரைக்கும்போது மேலே இருந்த கிருமி உள்ளே கலந்துவிடும். தடிமனாகச் செய்தால் உள்சூடு 71 டிகிரி செல்சியஸ் வரவேண்டும்.

மார்க்கம் வாசி: வரும் பிள்ளைகளில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், ஹலால் மட்டும் சாப்பிடுபவர்கள் உண்டா என்று பெற்றோரிடம் கேட்டீர்களா?

மிசிசாகா புதியவள்: கேட்கவில்லை. இதோ கேட்கிறேன். கேட்டுவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவேன்.