ஊர் நிதியை ஆர்.ஓ. மெஷினில் போடுவதற்கு முன்: நொய்யல் உப்பு பற்றி

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன கூட்டத்தில் இரண்டு வேலைக்கு நிதி ஒதுக்கலாம் என்று பேசினோம். உப்பைப் பிரித்து மணிக்கு 1,000 லிட்டர் குடிதண்ணீர் தரும் ஆர்.ஓ. மெஷின் ஒன்று. ஆத்தோரக் குளத்தைத் தூர் வாரி, வண்டலைத் தோட்டங்களுக்குக் கொடுப்பது இன்னொன்று. இரண்டையும் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லத்தான் இந்த மடல். வேறு ஊராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். நம்மூர், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து சேர்ந்த நொய்யல் ஆற்றில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது.

"ஆத்துல இப்ப சாயம் வர்றதில்லை, தண்ணி தெளிஞ்சிடுச்சு" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். நிறம் போனதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாதுங்க. நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்குத்தான்.

சாயப்பட்டறையில் நடக்கும் கணக்கைப் பாருங்கள். பருத்திப் பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது, சாயம் தண்ணீரை விட்டுத் துணியில் ஏற உப்பு வேண்டும். சோடியம் சல்ஃபேட், அதாவது கிளாபர் உப்பு, இல்லையென்றால் சாதா உப்பு. கறுப்பு, நேவி மாதிரி அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை போகும். பழைய வின்ச் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர். அப்படியானால் 100 கிலோ துணிக்கு 2,000 லிட்டர் தண்ணீர், 160 கிலோ உப்பு. துணியைவிட உப்பு அதிகம்! இப்போதைய சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் என்று வைத்தால் 64 கிலோ உப்பு. சாயத்திலாவது முக்கால்வாசி துணியில் பிடித்துக்கொள்ளும். உப்பு ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது. போட்டது அத்தனையும் வெளியே வந்துவிடும். அதோடு சோடா ஆஷும் சேரும்.

சாயத்தை நீக்கும் பழைய சுத்திகரிப்பில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுக் கலக்கி வண்டலாக இறக்குவார்கள். தண்ணீர் தெளிந்துவிடும், உப்பு குறையாது. போட்ட மருந்தால் இன்னும் கூடும். ஆற்றில் விடும் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த முறையில் எந்தப் பட்டறையாலும் அதைத் தொட முடியவில்லை.

அணை 1992இல் கட்டப்பட்டது. கரூர் பக்கம் வரை சுமார் 10,000 ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். வந்து சேர்ந்ததோ சாயத்தண்ணி. ஓடிப் போயிருக்க வேண்டிய உப்பைத் தேக்கி வைத்து, சுற்று வட்டாரக் கிணறுகளுக்குள் இறக்கும் தொட்டியாக அணை மாறியது. விவசாயிகள் வழக்குப் போட்ட கதை உங்களுக்குத் தெரியும். 2006 டிசம்பரில் பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன்பிறகும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவு வந்தது.

இழப்பீடு பற்றியும் கேட்டிருந்தார்கள். சூழல் இழப்பு ஆணையம் 2004 டிசம்பரில் 28,596 விவசாயிகளுக்கு 24.79 கோடி ரூபாய் என்று தீர்த்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 8,700 ரூபாய்கூட வராது. ஒரு போர்வெல் போடக்கூடக் காணாது.

சரி, இப்போது பட்டறைகள் ஜீரோ டிஸ்சார்ஜில், அதாவது கழிவே வெளியே விடாமல், ஓடுகின்றனவே, அப்புறம் என்ன? அதற்கான சுத்திகரிப்பு நிலையங்கள் உண்மையிலேயே பெரிய வேலை செய்கின்றன, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. நூறு லிட்டர் கழிவு உள்ளே போனால் பாக்டீரியாத் தொட்டி, நிறநீக்கம், வடிகட்டி எல்லாம் தாண்டி, மூன்று நான்கு கட்ட ஆர்.ஓ.வில் 85 முதல் 90 லிட்டர் நல்ல தண்ணீராகத் திரும்புகிறது. மீதி 10, 15 லிட்டர் ரிஜெக்ட், அதாவது ஒதுக்கிய கழிவுநீர். உள்ளே வந்த உப்பு முழுக்க அதில்தான். அந்த உப்புக்கரைசலைச் சுத்தம் செய்து ஒரு பங்கை மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சத்தை எவாப்பரேட்டரில் வற்ற வைக்க வேண்டும். நல்ல எவாப்பரேட்டரே ஒரு டன் நீராவிக்கு மூன்று டன் சொச்சம் தண்ணீரைத்தான் வற்ற வைக்கும். விறகு பாய்லர் என்றால் 1,000 லிட்டர் ரிஜெக்டுக்கு ஏறத்தாழ 100 கிலோ விறகு. தப்பு நடப்பதற்கான ஆசை பிறக்கும் இடம் இதுதான். ஆர்.ஓ.வின் மெம்பிரேனில் (வடிகட்டும் சவ்வில்) சிலிக்காவும் நிறமும் அடைத்து ரிஜெக்ட் கூடிவிடும், எவாப்பரேட்டர் குழாயில் படிவு கட்டி வேகம் குறையும், தொட்டி நிரம்பும், வெளியே நல்ல மழை பெய்யும்... அப்புறம் வாய்க்கால் கதவைத் திறக்க எவ்வளவு நேரமாகும்? எல்லோரும் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. நடந்தால் இந்த இடத்தில், இந்த நேரத்தில்தான் நடக்கும். கண்காணிக்கும் யாரும் முதல் மழை இரவைத்தான் பார்க்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்குவாரில்லை. அது ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது, ஷெட் ஒழுகினால் திரும்ப மண்ணுக்கு.

ஒரு சின்ன விஷயம்: மழைக்காலத்தில் நுரை பொங்கும் படத்தைப் போட்டு "சாயத்தண்ணி" என்று யாரும் பரப்ப வேண்டாம். கோவை, திருப்பூர் ஊர்க்கழிவிலிருக்கும் சோப்புத்தூளே அந்த நுரைக்குப் போதும். அதிகாரிகளிடம் அந்தப் படம் செல்லாது. அளந்த எண் செல்லும். ஆகவே முதல் செலவு அளப்பதற்கு.

கிணற்றுத் தண்ணீர் எடுக்கும் முறை: மோட்டாரை 15, 20 நிமிடம் ஓட விட்ட பிறகு, தொட்டியில் மொள்ளாமல் குழாய் வாயிலிருந்தே பிடியுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, காற்றுக்கு இடம் இல்லாமல் விளிம்பு வரை பிடிக்க வேண்டும். மருந்து பாட்டில், ஆயில் பாட்டில் கூடவே கூடாது. சர்வே எண், ஆழம், தேதி, எத்தனை நாளாக மோட்டார் ஓடவில்லை என்பதை ஒட்டுங்கள். மே கடைசியில் ஒருமுறை, ஐப்பசி மழை ஓய்ந்து தை மாதத்தில் ஒருமுறை. ஆத்தோரம் மூன்று கிணறு எடுத்தால், ஆற்றிலிருந்து தள்ளி மேட்டில் ஒரு கிணறும் கட்டாயம் எடுக்க வேண்டும். நம் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பூமியில் பட்டறையே வராத இடத்திலும் தண்ணி சப்பையாக, அதாவது லேசான உப்பாக, இருக்கும். மேட்டுக் கிணறு இல்லாமல் எது பட்டறை உப்பு, எது பூமி உப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சோடியமும் சல்ஃபேட்டும் சேர்ந்து ஏறியிருந்தால் சந்தேகம் மேலே பட்டறைப் பக்கம் போகும்.

ஆய்வகத்தில் வெறும் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் மொத்த அளவு) கேட்டு வராதீர்கள். இ.சி. (மின்கடத்தும் திறன்; உப்பு கூடினால் கூடும்), பி.ஹெச்., சோடியம், கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட், குடிக்கும் தண்ணி என்றால் ஃபுளோரைடும் வேண்டும். உதாரணமாக சோடியம் 690, கால்சியம் 160, மெக்னீசியம் 122 என்று லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் வந்தால், முறையே 23, 20, 12.2ஆல் வகுங்கள்: 30, 8, 10. பின்னிரண்டையும் கூட்டி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுத்தால் 3. முப்பதை மூன்றால் வகுத்தால் 10. இதுதான் சோடியம் விகிதம். இந்தத் தண்ணீருக்கு இ.சி. 4.8 டெசிசீமன்ஸ்/மீட்டர் அளவில் இருக்கும். இ.சி. 3க்கு மேல் போனாலே பெரும்பாலான பயிர் அடிபடும், தென்னை கொஞ்சம் தாங்கும். விகிதம் 10 என்றால் களிமண் தோட்டத்தில் மழை பெய்ததும் மேல்மண் இறுகி, தண்ணி இறங்காமல் நிற்கும். நம்மாட்கள் "மண்ணு செத்துப்போச்சு" என்று சொல்வது இதைத்தான்.

அதற்குக் கால்சியம் தரும் ஜிப்சம் போடலாம். ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சும் தண்ணீரில் கால்சியத்தை ஒரு மில்லி ஈக்குவலன்ட் (மேலே 20ஆல் வகுத்து வந்த எண்ணில் ஒன்று) உயர்த்த சுத்தமான ஜிப்சம் 9 கிலோ வேண்டும். ஆனால் மண்ணுக்கு வடிகால் இல்லையென்றால் ஜிப்சம் போட்டும் வீண். மண்ணிலிருந்து பிரிந்த சோடியம் அங்கேயே நிற்கும். சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: உப்பு ஈரவட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். லேசான மழை பெய்ததும் "மழைதான் பெய்யுதே" என்று மோட்டாரை நிறுத்தினால், அந்த மழை ஓரத்து உப்பைக் கரைத்து வேருக்கே தள்ளிவிடும். மண் நன்றாக நனையும்வரை சொட்டுநீர் ஓட வேண்டும்.

இப்போது ஆர்.ஓ. மெஷினுக்கு வருகிறேன். இந்த அளவு மெஷின் பாதித் தண்ணீரைத்தான் குடிக்கத் தரும். ஒரு நாளைக்கு 5,000 லிட்டர் விற்றால் 5,000 லிட்டர் ரிஜெக்ட். உள்ளே 3,000 டி.டி.எஸ். என்றால் ரிஜெக்ட் 6,000. ஒரு நாளைக்கு 30 கிலோ உப்பு, வருஷத்துக்கு 11 டன். அதைத் தெருச் சாக்கடையில் விட்டால் பக்கத்திலேயே இறங்கி, அதே போர்வெல்லுக்குத் திரும்பும். பட்டறைக்காரனை எதற்காகக் கோர்ட்டுக்கு இழுத்தோமோ அதையே நாமும் சின்ன அளவில் செய்வோம். வற்ற வைக்கத் தார்ப்பாய் விரித்த பாத்தி போடலாம். ஒரு நாளைக்கு 5 மி.மீ. ஆவியாகும் என்றால் 25 சென்ட் இடம் வேண்டும், மழைநாளுக்கு அதுவும் காணாது. இடம் யார் தருகிறீர்கள்? காவிரிக் கூட்டுக் குடிநீர் வாரத்தில் சில நாள்தான் வருகிறது என்பதுதான் உண்மையான குறை என்றால், மேல்நிலைத் தொட்டியைப் பெரிதாக்குவது மலிவு, பராமரிப்பும் குறைவு.

குளத்து வண்டலும் அப்படித்தான். மற்ற ஊரில் வண்டல் எரு. ஆற்றுத் தண்ணி ஏறிய குளத்தில் அது இருபது வருஷ சாயக்கழிவின் அடிமண்டி. மேலடுக்கு, ஒரு அடி, மூன்று அடி என மூன்று ஆழத்தில் மண் எடுத்து, உப்போடு குரோமியம், தாமிரம், துத்தநாகமும் பார்க்காமல் ஒரு டிராக்டர் லோடுகூடத் தோட்டத்துக்குப் போகக்கூடாது. நிதியைப் போட வேண்டுமென்றால், ஆற்றோடு சேராத மேட்டுப்பக்கப் பள்ளத்தில் (ஓடையில்) தடுப்பணை, கசிவுக்குட்டை கட்டலாம். கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) விழும் மழைக்கு உப்பே கிடையாது. அது கிணற்றுக்குள் இறங்கினால்தான் பழைய உப்பு நீர்த்துப்போகும்.

கிழக்காலத் தோட்டம், மஸ்கட்

———

அண்ணா, உங்கள் மடலில் கணக்கு சரிதானுங்க. பட்டறைப் பக்கத்திலிருந்து இரண்டு சேர்க்கிறேன்.

முதலாவது, 2011க்குப் பிறகு மூடிய பட்டறை எல்லாம் காணாமல் போய்விடவில்லை. ஒரு பகுதி ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் தோட்டத்துக் கொட்டகைக்குள் போனது. நம்மூரில் யாராவது "கோழிப்பண்ணை ஷெட் வாடகைக்கு வேணும், கிணறும் சேர்த்து" என்று நல்ல வாடகை சொன்னால், வாடகை எதற்கென்று கேளுங்கள். மூன்று ஃபேஸ் லைன், விறகு லோடு, சாதா உப்பு மூட்டை மூன்றும் ஒரே இடத்துக்கு வந்தால் அது கோழிப்பண்ணை அல்ல.

இரண்டாவது, ஆர்டர் குறையும் காலத்தில்தான் ஆறு சுத்தமாக இருக்கும் என்று நினைக்கிறோம். பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது கெட்ட காலம். பாக்டீரியாவுக்குத் தினமும் தீனி வேண்டும்; கழிவு வரத்து பாதியாகக் குறைந்தால் தொட்டி சோர்ந்துவிடும். கரண்ட், ஆள், கடன் தவணை குறையாது, வரும் கட்டணம் குறையும். எத்தியோப்பியாவில் 2016இல் திறந்த ஹவாசா தொழிற்பூங்காவில் ஏரியைக் காக்க ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. திருப்பூரில் கம்பெனி முதலில், நிலையம் இருபது வருஷம் கழித்து. ஆனால் 2022 தொடக்கத்தில் அமெரிக்க வரிச்சலுகை போனதும் ஹவாசாவில் ஆர்டர் விழுந்தது. எவ்வளவு நல்ல நிலையமானாலும் அதை ஓட்டும் காசு துணியிலிருந்துதான் வர வேண்டும்.

இன்னொன்று, நம்மூரில் வீட்டுக்கு ஒருவர் பனியன் கம்பெனி வேனில் ஏறித்தான் போகிறார்கள். டெய்லர், செக்கிங், கைமடி, ஒன்றரை ஷிப்ட் சம்பளம். களை எடுக்க ஆள் கிடைக்காததும் அதனால்தான். மனு எழுதும்போது "பட்டறையை மூடு" என்று எழுதினால் ஊரிலேயே பாதிப் பேர் கையெழுத்துப் போட மாட்டார்கள். "அணைக்குக் கீழே மூன்று இடத்தில் இ.சி. மீட்டர் வை, தினசரி அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுது" என்று கேட்டால் எல்லோரும் போடுவார்கள்.

மே மாதச் சாம்பிளுக்கு மேட்டுக் கிணறாக எங்கள் மேக்கால கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 70 அடி, ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. மோட்டார் பழுதாகிக் கிடக்கிறது, அதனால் முந்தின நாளே ஆளை வைத்து இறைக்கச் சொல்லிவிடுகிறேன்.

மேக்காலத் தெரு, டாக்கா