இன்னும் புரளவில்லையா?

உவர்மலை வீட்டுக் குழு, வியாழன் இரவு

ரொறன்ரோ மாமி, 8.12: (காணொளி) எங்கள் சின்னவள் இன்று ஒன்றையும் பிடிக்காமலே உட்கார்ந்துவிட்டாள்! ஆறு மாதம் முடிந்து நாலு நாள்தான். திருகோணமலைத் தம்பி என்ன செய்கிறான்? இன்னும் புரளவில்லையா?

அம்மா, 8.15: கண்ணூறு படும். காணொளியை ஊரெல்லாம் அனுப்பாதே.

உப்புவெளி மாமா, 8.21: நாளை நகரத்துக்கு வருகிறேன். தம்பிக்கு வோக்கர் ஒன்று வாங்கி வருகிறேன். இரண்டு கிழமையில் ஓடுவான்.

நான், 9.40: ஒரு மணித்தியாலமாக எழுதி எழுதி அழிக்கிறேன். புரளவில்லை மாமி. குப்புறப் போட்டால் தலையைத் தூக்கி ஒருமுறை பார்ப்பான், பிறகு மூக்கை விரிப்பில் புதைத்து அழுவான். உங்கள் பேத்தியும் இவனும் ஒரே கிழமையில் பிறந்தவர்கள். போன கிளினிக்கில் பக்கத்திலிருந்த தாய், "பிள்ளைக்கு மூன்று மாதமா?" என்று கேட்டாள். எனக்கு ஆறு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆம் என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையின் வயதை ஒளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா, 9.43: வளர வளரச் சரிவரும் பிள்ளை. உன் அண்ணன் இரண்டு வயது வரைக்கும் வாயே திறக்கவில்லை. இப்போது மூட வைக்க முடியவில்லை.

அண்ணா, 9.44: அம்மா, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

பெரியக்கா, 10.05: இப்போதுதான் கடமை முடிந்தது. வார்டிலிருந்து எழுதுகிறேன். "வளர வளரச் சரிவரும்" என்பதையும் நான் ஏற்கமாட்டேன், "இன்னும் இல்லையா" என்பதையும் ஏற்கமாட்டேன். தங்கச்சி, உனக்குப் பிரசவத் திகதி எப்போது என்று சொல்லியிருந்தார்கள்?

நான், 10.06: சித்திரைக் கடைசி. இவன் கோணேசர் நகர்வலம் வந்த கிழமையே பிறந்துவிட்டானே. ஆறு கிழமை முந்தி.

பெரியக்கா, 10.11: அந்த ஆறு கிழமையைக் கழி. முந்திப் பிறந்த பிள்ளையின் விருத்தியை இரண்டு வயது வரை அப்படித்தான் பார்க்க வேண்டும். அவனுக்கு இப்போது நாலரை மாதம். நாலரை மாதப் பிள்ளை புரளாவிட்டால் யாரும் பயப்படுவதில்லை. ஊசி மட்டும் பிறந்த திகதிப்படிதான், அதிலே கழித்தல் கணக்குப் பார்த்து ஆறாம் மாத ஊசியைத் தள்ளிப் போட்டுவிடாதே. மாமி, பிடிக்காமல் உட்காருவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவு ஏறக்குறைய நாலு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை நீள்கிறது. ஐந்து மாத இடைவெளி! அதற்குள் யார் முந்தி என்று ஓட்டப் பந்தயம் வைக்காதீர்கள்.

பெரியக்கா, 10.14: இனி நான் கேட்பதற்குப் பதில் சொல். முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறானா? சத்தம் வந்தால் திரும்புகிறானா? கண் ஒரு பொருளின் பின்னால் போகிறதா? கை விரிகிறதா, முட்டியாகவே இருக்கிறதா? உடம்பு விறைப்பாகவோ துணி போலத் தொய்வாகவோ இருக்கிறதா? முன்பு செய்த எதையாவது செய்யாமல் விட்டிருக்கிறானா?

நான், 10.22: சிரிப்புக்குக் குறைவில்லை. பாண் ஓட்டோவின் பாட்டு ஒழுங்கைக்குள் வந்தால் பால் குடிப்பதை விட்டுவிட்டுத் தலையைத் திருப்புகிறான், பாண்காரர் போகும் வரைக்கும் பால் வேண்டாம். போன வெள்ளி கோட்டைக்குள் ஒரு புள்ளிமான் எங்களைக் கடந்து போனது. தோளில் கிடந்தவன் கழுத்தை வளைத்து, அது மரத்துக்குப் பின்னால் மறையும் வரை பார்த்தான். விறைப்பும் இல்லை, தொய்வும் இல்லை. எதையும் மறக்கவும் இல்லை. கை விரிகிறது. ஆனால் அக்கா, இப்போது யோசித்தால் எப்போதும் வலது கைதான் நீள்வது போலிருக்கிறது.

பெரியக்கா, 10.24: ஒரு வயதுக்கு முதல் ஒரு கையை மட்டும் பாவித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரவில் யோசித்துக் கண்டுபிடிக்காதே. காலையில் கிலுகிலுப்பையை இடது பக்கம் பிடித்துப் பார். பகலில் எங்கே கிடக்கிறான்?

நான், 10.25: ஏணையில். இல்லாவிட்டால் அம்மாவின் மடியில்.

பெரியக்கா, 10.26: நிலத்தில்?

நான், 10.26: அம்மா விடுவதில்லை.

அம்மா, 10.28: சீமெந்து நிலம் குளிரும். குறைமாதப் பிள்ளை. நான் நாலு பிள்ளை வளர்த்தவள்.

பெரியக்கா, 10.31: அம்மா, ஏணைக்குள் எந்தப் பக்கம் புரள்வான்? பாயை விரியுங்கள். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, இரண்டு மூன்று நிமிடம் குப்புற. அழுதால் தூக்குங்கள், பிறகு மீண்டும். நாள் முழுவதும் சேர்த்து அரை மணித்தியாலம் வரவேண்டும். நித்திரைக்கு மட்டும் எப்போதும் மல்லாக்க.

ரொறன்ரோ மாமி, 10.40: நான் பெருமையில் கேட்டுவிட்டேன், பிழைதான். தம்பி, வோக்கர் வாங்கவே வேண்டாம். படியில் உருண்டு மண்டை உடைகிறது என்று இங்கே 2004இலேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள்.

உப்புவெளி மாமா, 10.41: சரி, பாய் வாங்கி வருகிறேன்.

இவர் (கட்டார்), 10.55: எனக்கு ஏன் இதையெல்லாம் சொல்லவில்லை?

நான், 10.56: அங்கே தனியாக இருந்து நீங்களும் பயப்பட வேண்டாம் என்றுதான். நாளை கதைப்போம்.

வெள்ளி காலை

நான், 7.20: அக்கா, வலது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு கிலுகிலுப்பையை இடது பக்கம் ஆட்டினேன். கொஞ்சம் யோசித்தான். பிறகு இடது கையால் பறித்து நேரே வாய்க்குள் வைத்துவிட்டான். மூன்று தரம் பார்த்தேன்.

பெரியக்கா, 7.31: நல்லது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் கையைப் பற்றிச் சொல். பதிவேட்டில் நிறைக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், விருத்திப் பக்கத்தையும் பார்க்கச் சொல். ஆறு கிழமை முந்திப் பிறந்தவன் என்பதை நீயாகவே சொல்லு. யாராவது வயது கேட்டால் ஆறு மாதம் என்று தலை நிமிர்ந்து சொல்.

அம்மா, 9.02: பாய் விரித்தாயிற்று. கீழே இரண்டு போர்வையும் போட்டிருக்கிறேன். என் முகம் தெரிந்தால் அழமாட்டான் என்று நானும் அவனுக்கு எதிரே குப்புறப் படுத்தேன். ஐந்து நிமிடம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தான்.

அம்மா, 9.09: பிள்ளை, குசினியிலிருந்து கெதியாக வா. அவனைத் தூக்க அல்ல. எனக்கு எழும்ப முடியவில்லை.