கதிருக்கு வெள்ளிக்கிழமை மிருதங்கத் தேர்வு

குழு: செக்கானூரணி வீடு

செவ்வாய்க்கிழமை

கதிர், இரவு 8:14
அத்தை, மதுரை அரசு இசைக் கல்லூரியில் இருந்து மிருதங்கச் சேர்க்கைத் தேர்வுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குப் பசுமலைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மிருதங்கத்தைக் கையோடு கொண்டுவர வேண்டுமாம். இன்னும் 2 நாள்தான் இருக்கிறது, எதை வாசிப்பது என்றே தெரியவில்லை.

கதிர் அம்மா, இரவு 8:16
மதினி, இவன் சாயங்காலத்தில் இருந்து சாப்பிடவே இல்லை. நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பிரியா அக்கா, இரவு 8:21
டேய் சூப்பர். பிளஸ் டூ மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு வை. இரண்டு செட் ஜெராக்ஸ் இன்றைக்கே எடுத்துவிடு. அன்றைக்குக் காலையில் கடை தேடி அலையாதே.

பெரியப்பா, இரவு 8:40
சந்தோஷம்தான். ஆனால் பி.காம் சீட்டு கிடைத்திருக்கிறதே, அதற்கு இந்த வாரம் பணம் கட்டியாக வேண்டும். டிசியை அங்கே கொடுத்துவிட்டால் இங்கே என்ன காட்டுவான்? இங்கே கொடுத்துவிட்டு இடம் கிடைக்கவில்லை என்றால் ஒரு வருஷம் போச்சு. கையில் இருப்பதை விட்டுவிடக் கூடாது, அதைத்தான் சொல்கிறேன்.

திருமங்கலம் அத்தை, இரவு 9:05
அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம்தான். பி.காமுக்குப் பணம் கட்டட்டும். டிசி ஒரிஜினலை மட்டும் வெள்ளிக்கிழமை முடிகிற வரை யாரிடமும் கொடுக்க வேண்டாம். இரண்டு நாள் அவகாசம் கேட்டால் கொடுப்பார்கள், நான் வேண்டுமானால் வந்து பேசுகிறேன்.

கதிர், முதலில் போய்ச் சாப்பிடு. அப்புறம் நீ தயார் செய்து வைத்திருப்பதை எல்லாம் எனக்கு எழுது.

கதிர், இரவு 9:31
சாப்பிட்டேன் அத்தை. ஆதி தாளத்தில் மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஒன்று முழுதாக வைத்திருக்கிறேன், 12 நிமிடம் வரும். நடுவில் மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடையும் ஐந்து ஐந்தாகப் போகும் கண்ட நடையும் இருக்கிறது. கடைசியில் முடிப்பாக வரும் சொற்கட்டுக் கோர்வை கொஞ்சம் பெரியது, பத்துக்கு ஏழு தடவை சரியாக வந்துவிடுகிறது.

திருமங்கலம் அத்தை, இரவு 9:52
அந்தக் கோர்வையை எடுத்துவிடு.

மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் எடுத்துவிடு. பத்துக்கு ஏழு வருகிறது என்றால் வீட்டில், ஃபேன் காற்றில், அம்மா டீ வைத்துக் கொடுத்த பிறகு வருகிறது. மூன்று பேர் எதிரே உட்கார்ந்து பார்க்கும்போது எத்தனை வரும்? அவர்கள் 12 நிமிடம் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, வெளியே இன்னும் எத்தனை பிள்ளைகள் காத்திருக்கும். இரண்டு நிமிடத்திலேயே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தச் சொன்னால் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

என் கதையை உங்கள் யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. 1994இல் ஒரு கல்லூரிக்குப் பாட்டுத் தேர்வுக்குப் போனேன், எந்தக் கல்லூரி என்பது இப்போது வேண்டாம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆர்மோனியத்தில் வைக்கும் சுருதிக்குப் பாடியே பழகியவள் நான். உள்ளே போய் உட்கார்ந்ததும் ஓர் ஐயா, "உன் சுருதி எத்தனை கட்டைம்மா?" என்று கேட்டார். எந்த உயரத்தில் பாடுவாய் என்பதைத்தான் கட்டைக் கணக்கில் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு வருஷம் பாடியிருக்கிறேன், என் சுருதி எது என்று எனக்கே தெரியாது. அவர்களாக ஆறு கட்டை வைத்தார்கள். எனக்கு ஐந்துதான் சுகம் என்பது பின்னாடிதான் தெரிந்தது. நான் எடுத்ததோ பெரிய கீர்த்தனை, அனுபல்லவியில் மேல் சட்ஜத்தில் குரல் உடைந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டு, "சரளி வரிசை பாடு" என்றார்கள். முதல் பாடம்! அதைப் பதற்றத்தில் ஓட்டிவிட்டேன், தாளம் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். அந்த வருஷம் இடம் இல்லை. அடுத்த வருஷம்தான் மதுரைக் கல்லூரியில் சேர்ந்தேன்.

அன்றைக்கு அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. சொல்லிக்கொடுத்தால் இந்தப் பிள்ளைக்குக் காதில் ஏறுமா, அதைத்தான் பார்த்தார்கள். மிச்சத்தைச் சொல்லிக்கொடுக்கத்தானே கல்லூரி இருக்கிறது.

கதிர், இரவு 10:03
அப்படியானால் என்ன வாசிக்கட்டும் அத்தை?

திருமங்கலம் அத்தை, இரவு 10:10
தூங்கு. காலையில் சொல்கிறேன்.

புதன்கிழமை

திருமங்கலம் அத்தை, காலை 6:20
எழுந்துவிட்டாயா? மிருதங்கத்தைத் தொடாதே. கையில் தாளம் போட்டுக்கொண்டு தகதிமியை மூன்று காலத்தில், அதாவது ஒரு வேகம், அதன் இரட்டிப்பு, அதற்கும் இரட்டிப்பு என்று, வாயால் சொல்லி, போனில் பதிவு செய்து அனுப்பு.

கதிர், காலை 6:48
(குரல் பதிவு, 1:10)

திருமங்கலம் அத்தை, காலை 7:02
இரண்டு தடவை கேட்டேன். முதல் காலம் அழகாக இருக்கிறது. இரண்டாம் காலத்துக்கு மாறும் இடத்தில் தாளத்தையே கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டாய், உனக்குத் தெரிந்ததா? சொல் இரட்டிக்கும்போது தட்டும் கை அசையவே கூடாது. பயந்தால் கை ஓடும், எல்லாருக்கும் ஓடும். அதனால் வெள்ளிக்கிழமை நீ வீட்டில் எடுக்கும் வேகத்துக்கும் ஒரு படி கீழே எடு. மெதுவாக வாசிப்பதுதான் கஷ்டம், அது அவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஒரு சின்னத் தீர்மானம், அதாவது மூன்று தடவை சொல்லி முடிக்கும் முடிப்பு. ஆதி தாளத்தில் தட்டி விரல் எண்ணும் லகு 4, தட்டித் திருப்பும் திருதம் இரண்டுக்கும் சேர்த்து 4, ஆக 8 எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கைக்கு நாலு என்று வைத்தால் கடைசி இரண்டு திருதத்தில் 16 இடம் இருக்கிறது. ததிங்கிணதொம் ஐந்து இடம், மூன்று தடவை சொன்னால் 15. அப்படியானால் முதல் திருதம் தட்டும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரே ஓர் இடம் விட்டுத் தொடங்கு, நேராக அடுத்த சுற்றின் முதல் தட்டான சமத்தில் வந்து இறங்கும். உனக்கு உன் சார் ஏற்கெனவே சொல்லியிருப்பார். எந்த இடத்தில் ஆரம்பிக்கிறாய், ஏன் அங்கே ஆரம்பிக்கிறாய் என்று யாராவது கேட்டால் இப்படிக் கணக்கோடு சொல்லத் தெரிய வேண்டும். நூறு தடவை வாசித்தவன்கூட இந்தக் கேள்விக்கு முழிப்பான்.

பிரியா அக்கா, காலை 7:30
அத்தை, ஒரு சந்தேகம். இது ஒன்றையே நம்பி இருக்க வேண்டுமா? வேறு எங்கெல்லாம் போடலாம்?

திருமங்கலம் அத்தை, காலை 7:55
அரசு இசைக் கல்லூரி நம் மாநிலத்தில் நாலு இடத்தில் இருக்கிறது, மதுரை, சென்னை, கோவை, திருவையாறு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை உண்டு, ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929இல் தொடங்கிய இசைக் கல்லூரிதான் அது. திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி. ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் தனி, தேதியும் தனி. பொறியியல் கலந்தாய்வு மாதிரி ஒரே இடத்தில் எல்லாம் முடிந்துவிடாது. திருவையாறுக்கும் போட்டு வை பிரியா, நீதான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட வேண்டும்.

பெரியப்பா, காலை 9:15
எல்லாம் சரி. படித்து முடித்தால் என்ன வேலை? அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

திருமங்கலம் அத்தை, மதியம் 1:20
அண்ணே, மறைக்காமல் சொல்கிறேன். மாதம் முதல் தேதி சம்பளம் வருகிற வேலை எல்லாருக்கும் கிடைக்காது. இசை ஆசிரியர் பயிற்சியும் முடித்தால் பள்ளிக்கூட வேலைக்கு முயற்சி செய்யலாம். வானொலியில் குரல் தேர்வு மாதிரியே வாத்தியத்துக்கும் தேர்வு வைத்து பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் கொடுப்பார்கள், அது வந்தால் கச்சேரிக்கு மரியாதை கூடும். மதுரையில் நடன வகுப்புகள் எத்தனை இருக்கின்றன! ஒவ்வொரு அரங்கேற்றத்துக்கும் மிருதங்கம் வேண்டும், ஒத்திகைக்கும் வேண்டும். நான் வீட்டில் 22 பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், என் பையனின் படிப்புச் செலவு அதில்தான் ஓடியது. கஷ்டம் இருக்கிறது. ஆனால் ஒரு நாள்கூட நான் ஏன் இதைப் படித்தேன் என்று நினைத்ததில்லை.

பெரியப்பா, இரவு 9:48
சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கோயில் திருவிழாவில் மதுரை சோமு கச்சேரிக்குக் கூட்டிப் போனார். நள்ளிரவு தாண்டியும் பாடினார். எனக்குப் பாட்டு ஞாபகம் இல்லை. மிருதங்கக்காரர் மட்டும் ஞாபகம் இருக்கிறார், அவர் வாசிக்கும்போது அப்பாவின் தோள் ஆடியது.

பி.காமுக்கு நான் பணம் கட்டிவிட்டேன். டிசி திங்கட்கிழமை கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

கதிர், இரவு 9:50
நன்றி பெரியப்பா.

வியாழக்கிழமை

அப்பத்தா, மாலை 5:12
(குரல் பதிவு, 0:26)

பிரியா அக்கா, மாலை 5:20
அப்பத்தா சொல்வது யாருக்கும் கேட்கவில்லை என்றால் எழுதிவிடுகிறேன். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, நல்ல நாள். விபூதி பூசிக்கொண்டு போ. வாத்தியத்தைத் தாண்டாதே, யாரையும் தாண்ட விடாதே."

திருமங்கலம் அத்தை, மாலை 6:05
அப்பத்தா சொல்வதைக் கேள். அதோடு இதையும் கேள்.

பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் சுருதி சேர்க்காதே, வெயிலிலும் காற்றிலும் ஒரு மணி நேரம் வந்தால் எப்படியும் மாறிவிடும். அங்கே போய் நிழலில் கால் மணி நேரம் வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து ஆற வை, அப்புறம் சேர். சுருதி சேர்க்கும் கல்லும் கட்டையும் மறக்காதே. தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், ஒட்ட ரவையை ஒரு சின்ன டப்பாவில் கொண்டு போ, கொஞ்சம் தண்ணீரும். ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தால் ரவை காய்ந்து தொப்பி கத்த ஆரம்பிக்கும், கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் விரலால் ஈரம் தொட்டுப் பார்.

அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே உன்னுடைய சுருதி ஒரு கட்டை என்று நீயே சொல். வேறு யாரையாவது பாடச் சொல்லி வாசிக்கச் சொன்னால், வாசிக்கும் முன் அந்தப் பிள்ளையின் சுருதியைக் கேள், தாளம் எங்கே எடுக்கிறார்கள் என்பதைக் கேள். முதல் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் முதல் சுற்று, கை வைக்காமல் இருந்தாலும் தப்பில்லை.

கதிர் அம்மா, மாலை 6:30
மதினி, காளவாசலில் இறங்கிப் பழங்காநத்தம் வழியாகப் போகும் பஸ் பிடித்தால் போதும்தானே? இவன் அப்பா லீவு போட்டுக்கொண்டு கூட வருகிறேன் என்கிறார்.

திருமங்கலம் அத்தை, மாலை 6:33
போதும். தம்பியும் கூட வரட்டும். ஆனால் வாசலோடு நின்றுவிடச் சொல், ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை

கதிர், மதியம் 1:44
முடிந்தது அத்தை. வெளியே மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திருமங்கலம் அத்தை, மதியம் 1:44
சொல்லு சொல்லு. ஒன்றும் விடாமல் சொல்லு.

கதிர், மதியம் 2:06
முதலில் பெயர், யாரிடம் கற்றேன், எத்தனை வருஷம் என்று கேட்டார்கள். அப்புறம் ஆதி தாளத்தில் வாசிக்கச் சொன்னார்கள், நீங்கள் சொன்ன மாதிரி மெதுவாக எடுத்தேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது, போதும் என்றார்கள். திக்கென்று இருந்தது, ஆனால் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. அடுத்து மிருதங்கத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு தீர்மானம் வாயால் சொல்லச் சொன்னார்கள். ததிங்கிணதொம் சொன்னேன். ஏன் அந்த இடத்தில் விட்டுத் தொடங்கினாய் என்று கேட்டார்கள் அத்தை! 16இல் 15 போக ஒன்று என்று சொன்னேன். ஓர் ஐயா தலையை ஆட்டினார்.

அப்புறம்தான் பயந்துவிட்டேன். பாட்டுக்கு வந்திருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு மோகன வர்ணம் பாடச் சொல்லி, என்னை வாசிக்கச் சொன்னார்கள். அவன் சுருதி ஒன்றரைக் கட்டை, என்னுடையது ஒன்றில் இருந்தது. சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், சேர்த்துக்கொள் என்றார்கள். எல்லாரும் பார்க்கிறார்கள், கட்டையை வைத்துக் கல்லால் மேல் விளிம்பில் வார் கோத்த ஒவ்வொரு கண்ணாகத் தட்டிக்கொண்டே வந்தேன், ஒரு கண் மட்டும் ஏறவே மாட்டேன் என்றது. கை வேர்த்துவிட்டது. அந்தப் பையன் அவனாகவே சட்ஜத்தைப் பிடித்துப் பாடிக்கொண்டே இருந்தான், நான் சேர்த்து முடிக்கும் வரை நிறுத்தவே இல்லை. அவன் பல்லவி எடுத்ததும் ஒரு ஆவர்த்தனம் சும்மா கேட்டேன். அப்புறம் மெதுவாகச் சேர்ந்தேன். இரண்டாம் காலத்தில் அவன் கொஞ்சம் ஓடினான், நான் தொப்பியைக் கொஞ்சம் அழுத்தி வாசித்தேன், திரும்பி வந்துவிட்டான்.

பட்டியல் அடுத்த வாரம் ஒட்டுவார்களாம்.

திருமங்கலம் அத்தை, மதியம் 2:11
நான் சமையலறையில் நின்று அழுதுகொண்டு இருக்கிறேன். அந்தப் பையனுக்கு நன்றி சொன்னாயா?

கதிர், மதியம் 2:12
சொன்னேன் அத்தை. அவனுக்கு மேலூர்ப் பக்கம்தான், நம்பர் வாங்கிக்கொண்டேன்.

கதிர் அம்மா, மதியம் 2:15
சாப்பிட்டீர்களா இரண்டு பேரும்?

பெரியப்பா, மதியம் 2:31
இந்த நேரம் பஸ் கூட்டமாக இருக்கும். மிருதங்கத்தைக் கீழே வைக்காதே, மடியில் வைத்துக்கொள். காளவாசலில் நான் வண்டியோடு நிற்கிறேன்.