பேக்லிங்க்: பின்னிணைப்பா, மறிதொடுப்பா?

எல்லோருக்கும் வணக்கம். நாளைக் காலை உப்புவெளி வகுப்புக்கான கைநூல் அச்சகத்துக்குப் போகவேண்டும், நான் இன்னும் ஒரு சொல்லிலேயே நிற்கிறேன். குறிப்பெடுக்க ஒப்சிடியன் செயலிதான் என்பது முடிந்த கதை. எல்லாம் மார்க்டவுன் என்ற வெறும் எழுத்துக் கோப்பாகப் பிள்ளைகளின் கணினியிலேயே கிடக்கும், நாளைக்குச் செயலி இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறக்கலாம்.

சிக்கல் பேக்லிங்குக்குத் தமிழில் என்ன போடுவது என்பதில்தான். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிய குறிப்பில் [[இராவணன்]] என்று இரட்டை அடைப்பில் எழுதி இணைத்துவிட்டு, இராவணன் குறிப்பைத் திறந்தால் ஓரத்தில் 'கன்னியா' தானாக வந்து நிற்கிறது. கோணேசர் கோயில் குறிப்பில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைச் சொல்லி அதே அடைப்பைப் போட்டிருந்தால் அதுவும் வரும். அந்த வரிசைக்கு என்ன பெயர்?

> பின்னிணைப்பு என்றே போடலாமே.

போடலாம், பிள்ளைகள் கைநூலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள்.

> மறிதொடுப்பு. நன்னூலின் 8 பொருள்கோள்களில், அதாவது செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறைகளில், அளைமறிபாப்பு உண்டு. புற்றில் நுழையும் பாம்பு தலையை மறித்து வாயில்பக்கம் திரும்புவதுபோல...

ஐயா, அழகுதான், நானும் அரை மணித்தியாலம் அந்தப் பாம்போடேயே இருந்தேன். ஆனால் அங்கே ஈற்றுச்சொல் ஒரே செய்யுளின் இடையிலும் முதலிலும் போய்ப் பொருந்துகிறது, இங்கே தொடுப்பு வேறொரு குறிப்பிலிருந்து வருகிறது. பாம்பு ஒன்று, புற்று இரண்டு. அதோடு எங்கள் ஊரில் மறி என்றதும் மறியல்தான் நினைவுக்கு வரும். தொடுப்புக்கு இன்னொரு பொருள் இருப்பதை 16 வயதுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

சென்னை நண்பர் சொன்ன 'வருவிணைப்பு' வினைத்தொகைதான், உடம்படுமெய்யும் சரிதான். வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், பின்வரிசையில் ஒருவன் 'வருவி யாரு சேர்?' என்று கேட்டான்.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'இப்பக்கத்தை இணைத்தவை' என்று இருக்கிறதல்லவா, நான் அதையே சுருக்கி 'இணைத்தவை' என்று போடப் போகிறேன். பார்த்தவுடன் விளங்குகிறது, எனக்கு அது போதும். மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள், அதில் இருவர் களைத்துப்போய்ச் சொன்னதுபோலத்தான் தெரிகிறது.

> ஒரே ஒரு குறிப்பு மட்டும் இணைத்திருந்தால்? இணைத்தது என்று மாறுமா? இது கலைச்சொல்லே இல்லை, வினையாலணையும் பெயர். மறிதொடுப்பை நான் கைவிடுவதாக இல்லை.

ஐயா, அச்சகம் எட்டு மணிக்குத் திறக்கிறது.