பெட்டியா, பென்சில்களா? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வாரம்

அத்தை சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலமும் ஆங்கில இலக்கியமும் சொல்லிக்கொடுக்கிறார். தம்பி, அதாவது சித்தப்பா மகன், தொடக்கநிலை 6, நான் உயர்நிலை 3. தோ பாயோவில் இருக்கும் தாத்தாவும் படிக்க வேண்டும் என்பதால் இந்தக் குழுவில் ஆங்கில வாக்கியத்தையும் தமிழ் எழுத்திலேயே தட்டுவது எங்கள் வழக்கம்.

ஞாயிறு இரவு

ஈசூன் சித்தி: அண்ணி, தூங்கிவிட்டீர்களா? தம்பியின் ஆங்கிலத் தாள் வந்துவிட்டது. இலக்கணத்தில்தான் மதிப்பெண் எல்லாம் போயிருக்கிறது. மூன்று அசெஸ்மென்ட் புத்தகம், பயிற்சிக் கேள்விகள் இருக்குமே அது, வாங்கிக் கொடுத்தாயிற்று, சனிக்கிழமை டியூஷனுக்கும் போகிறான். அந்த டியூஷன் ஆசிரியர் என்னவென்றால், வீட்டில் தமிழ் பேசுவதைக் குறையுங்கள், எந்நேரமும் ஆங்கிலமே பேசுங்கள் என்கிறார். இரண்டு நாளாக அதே யோசனையாக இருக்கிறது.

தெம்பனிஸ் அத்தை: தமிழை மட்டும் நிறுத்திவிடாதே அம்மா. அவனுடைய தப்புகளுக்குத் தமிழ் காரணம் இல்லை. இரண்டு மொழியும் எந்த இடத்தில் ஒன்றாகப் போகின்றன, எந்த இடத்தில் பிரிகின்றன என்று யாரும் அவனுக்கு உட்கார்ந்து காட்டவில்லை, அவ்வளவுதான்.

தெம்பனிஸ் அத்தை: என் வகுப்பில் தினமும் முதல் ஐந்து நிமிடம் வார்ம்-அப். ஓடுவதற்கு முன்னால் கைகாலை நீட்டி மடக்குவோமே, அந்த மாதிரி. பிள்ளைகள் உள்ளே வரும்போதே வெண்பலகையில் ஒரு வாக்கியம் இருக்கும். ஒன்றே ஒன்றுதான். சரியா தப்பா என்று பார்த்து, ஏன் என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது, எடுத்து வைத்துத் திருத்துவதும் கிடையாது. அந்த "ஏன்" எழுதுவதற்குத்தான் முதல் இரண்டு வாரம் திணறுவார்கள், அப்புறம் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். நாளையிலிருந்து காலை 6 மணிக்கு இங்கேயே போடுகிறேன். பசியாறும்போது பேசுங்கள்.

திங்கள்

தெம்பனிஸ் அத்தை: "த பாக்ஸ் ஆஃப் பென்சில்ஸ் ஆர் ஆன் த டேபிள்." சரியா?

தம்பி (சித்தி போனிலிருந்து): சரிதான் அத்தை. பென்சில்ஸ் நிறைய, அதனால் ஆர்.

நான்: தப்பு. இஸ் வர வேண்டும்.

தெம்பனிஸ் அத்தை: ஏன்?

நான்: அது... கேட்டாலே தெரிகிறது.

தெம்பனிஸ் அத்தை: கேட்டுத் தெரிவது நல்லதுதான். ஆனால் தேர்வு மண்டபத்தில் பதற்றத்தில் காது குழம்பிவிடும். தம்பி, அதையே தமிழில் சொல்லு பார்ப்போம்.

தம்பி: பென்சில்கள் இருக்கும் பெட்டி மேசைமேல் இருக்கிறது.

தெம்பனிஸ் அத்தை: இருக்கின்றன என்று ஏன் சொல்லவில்லை?

தம்பி: பெட்டிதானே இருக்கிறது. ஒரு பெட்டி.

தெம்பனிஸ் அத்தை: பார்த்தாயா, உனக்கு ஏற்கெனவே தெரியும். தமிழில் விவரம் எல்லாம் முன்னால் வந்துவிட்டு முக்கியமான சொல் கடைசியில் வரும், பென்சில்கள் முன்னே, பெட்டி பின்னே. அதனால் வினைச்சொல்லுக்கு வரும்போது மனதில் பெட்டிதான் நிற்கும், குழப்பமே வராது. ஆங்கிலத்தில் இது தலைகீழ். பாக்ஸ் முதலில் வந்துவிடும், அதற்குப் பிறகு ஆஃப் போட்டு விவரத்தைத் தொங்கவிடுவார்கள். வினைச்சொல் வரும்போது பக்கத்தில் நிற்பது பென்சில்ஸ், கண் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த மாதிரி வாக்கியம் வந்தால் மனதுக்குள் தமிழில் திருப்பிப் பார். விவரத்துக்குப் பிறகு கடைசியில் எது நிற்கிறதோ அதுதான் எழுவாய்.

தாத்தா: எழுவாய், பயனிலை. மேக்ஸ்வெல் சாலை உமறுப்புலவர் பள்ளியில் படித்தபோது எங்கள் தமிழாசிரியர் இதைத்தான் தினமும் கேட்பார். "மாடுகள் வந்தது" என்று எழுதிவிட்டால் "வந்தன" என்று திருத்தி எழுதிய பிறகுதான் அடுத்த வேலை. 1982ல் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள், அந்தப் பழக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஈசூன் சித்தி: அண்ணி, அசெஸ்மென்ட் புத்தகத்தின் பின்பக்கத்தில் "விடை: இஸ்" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. இந்தக் காரணம் எங்கேயும் இல்லை.

செவ்வாய்

தெம்பனிஸ் அத்தை: அவன் சொன்னான், "ஐ வில் கம் டுமாரோ." இதை ஹீ செட் தட் என்று தொடங்கி எழுதுங்கள்.

தம்பி: ஹீ செட் தட் ஐ வில் கம் டுமாரோ.

நான்: ஹீ செட் தட் ஹீ வுட் கம் த நெக்ஸ்ட் டே.

தெம்பனிஸ் அத்தை: அக்கா எழுதியது சரி. தம்பி எழுதியதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தமிழில் "என்று" ஒன்று போதும். "நாளைக்கு வருகிறேன் என்று சொன்னான்." அவன் வாயிலிருந்து வந்தது அப்படியே இருக்கும், "என்று" அதைக் கட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் தட் போட்டுவிட்டால் அவன் பேச்சை நாம் நம்முடைய இடத்தில் நின்று சொல்ல வேண்டும். ஐ என்பது ஹீ ஆகும், வில் என்பது வுட் ஆகும், டுமாரோ என்பது த நெக்ஸ்ட் டே ஆகும். மூன்று இடத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். இதைச் சொல்வது யார், எப்போது?

ஈசூன் சித்தப்பா: அக்கா, பிஎஸ்எல்இயில், அந்தத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் சிந்தசிஸ் பகுதியில் வருவது இதுதானே?

தெம்பனிஸ் அத்தை: அதேதான். ஐந்து கேள்வி, பத்து மதிப்பெண். அதில் ஒரு சொல் மாறினாலும் பொருள் நழுவிவிடும்.

அம்மா: நாங்கள் பசியாறும்போது இதைச் சத்தமாகவே பேசிப் பார்த்தோம். 2025லிருந்து வாய்மொழித் தேர்வுக்கு 200ல் 40 மதிப்பெண் என்று மாற்றியிருக்கிறார்களே, அதற்கும் இந்தப் பேச்சு உதவும் என்று தோன்றுகிறது. தம்பியையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்.

புதன்

நான்: அத்தை, எனக்கு வேறு பிரச்சினை. ஆங்கிலத் தாளில் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தும் எடிட்டிங்கில் 12 வரி, முதல் வரியும் கடைசி வரியும் சரி, நடுவில் எட்டில் தப்பு, இரண்டில் தப்பே இருக்காது. நான் அந்த இரண்டையும் சேர்த்துத் திருத்திவிடுகிறேன்.

தெம்பனிஸ் அத்தை: என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தப்பு தேடிப் பழகிய கண்ணுக்கு எல்லாமே தப்பாகத் தெரியும். அதற்கென்றே வாரத்தில் ஒரு நாள் நான் முன்கூட்டிச் சொல்லாமல் சரியான வாக்கியத்தைப் போட்டுவிடுவேன். இன்றைக்கு: "நெய்தர் த டீச்சர் நார் த ஸ்டூடன்ட்ஸ் வேர் லேட்."

தம்பி: வாஸ் வர வேண்டும்! திங்கள்கிழமை சொன்னீர்களே, பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கூடாது, முதலில் வருவதுதான் எழுவாய். டீச்சர் ஒருவர்தான்.

நான்: எனக்கும் வாஸ் என்று எழுதக் கை போகிறது. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இது சரியான வாக்கியம்.

தெம்பனிஸ் அத்தை: சரியான வாக்கியம்தான். ஆனால் தம்பி யோசித்த முறை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, திங்கள்கிழமைப் பாடத்தை எடுத்துவந்து இங்கே பொருத்திப் பார்த்திருக்கிறான். வித்தியாசம் எங்கே என்றால், பாக்ஸ் ஆஃப் பென்சில்ஸில் எழுவாய் ஒன்றுதான், பென்சில்ஸ் அதற்கு விவரம். இங்கே டீச்சர், ஸ்டூடன்ட்ஸ் என்று இரண்டு பேர் சம உரிமையோடு நிற்கிறார்கள். நெய்தர்-நார், ஐதர்-ஆர் வந்தால் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பவரோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்டூடன்ட்ஸை முன்னால் போட்டு டீச்சரைப் பின்னால் போட்டால் வாஸ் வரும். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி: அப்படியென்றால் முதலில் விவரமா, சம உரிமையா என்று பார்க்க வேண்டும்.

தெம்பனிஸ் அத்தை: ஆமாம் கண்ணா. அதுதான் பார்க்க வேண்டியது.

வியாழன்

தெம்பனிஸ் அத்தை: இன்று இலக்கணம் இல்லை, இலக்கியம். நானே எழுதிய வரி. "த லிஃப்ட் யான்ட் அண்ட் ஸ்வாலோட் த மார்னிங் க்ரவுட்." மின்தூக்கி கொட்டாவி விட்டுக் காலைக் கூட்டத்தை விழுங்கியது. ஓப்பன்ட் என்று எழுதாமல் யான்ட் என்று ஏன் எழுதினேன்?

நான்: பெர்சானிஃபிகேஷன். உயிரில்லாததை மனிதர் மாதிரிச் சொல்வது.

தெம்பனிஸ் அத்தை: பெயர் சரி. ஆனால் நான் கேட்டது பெயர் இல்லையே. பெயரை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவதுதான் இலக்கியத் தாளில் நான் அதிகம் பார்ப்பது. பீல் என்று சொல்லிக்கொடுக்கிறோம். கருத்து, அதற்கு வரியிலிருந்து சான்று, விளக்கம், திரும்பக் கேள்வியோடு இணைப்பது. எல்லோரும் சான்றுவரை ஓடி வந்துவிட்டு விளக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். நல்ல விடைக்கு உயிரே அந்த விளக்கம்தான்.

தம்பி: காலையில் எல்லோருக்கும் தூக்கம் வரும். மின்தூக்கிக்கும் தூக்கம் வருகிற மாதிரி இருக்கிறது.

தெம்பனிஸ் அத்தை: அருமை! அங்கே நிற்பவர்களின் தூக்கத்தை மின்தூக்கிக்குக் கொடுத்திருக்கிறேன். ஸ்வாலோட்?

நான்: விழுங்கினால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. தாங்களாக நடந்து உள்ளே போன மாதிரி இல்லை, அதுதான் இழுத்துக்கொள்கிறது. வேலைக்குப் போகப் பிடிக்காதவர்கள் மாதிரி. க்ரவுட் என்கிறீர்கள், ஒருவர் முகமும் தனியாகத் தெரியவில்லை.

தெம்பனிஸ் அத்தை: இப்போது சொன்னதை அப்படியே எழுது. இதுதான் விளக்கம்.

தாத்தா: இதைப் படித்ததும் எனக்குச் சிலப்பதிகாரம் ஞாபகம் வந்துவிட்டது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டை மதிலில் கொடிகள் காற்றில் அசைகின்றன. காற்று அடித்தால் கொடி அசையத்தான் செய்யும், இயல்பு அது. ஆனால் இளங்கோவடிகள் என்ன சொல்கிறார், இங்கே வராதீர்கள் என்று கையை ஆட்டித் தடுப்பதுபோல அந்தக் கொடிகள் அசைந்தன என்கிறார். கோவலன் அங்கே கொலைப்படப் போகிறான் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இயல்பாக நடப்பதன்மேல் புலவர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. தற்குறிப்பேற்ற அணி.

தெம்பனிஸ் அத்தை: அப்பா, இதை நான் வகுப்பில் சொல்லப் போகிறேன். ஆங்கிலத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு சொல் பதெடிக் ஃபாலசி. ஜான் ரஸ்கின் 1856ல் வைத்த பெயர், அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார், கவிஞர்கள் உணர்ச்சிவசப்பட்டு மரம் செடி கடலுக்கெல்லாம் மனித மனதைக் கொடுத்துவிடுகிறார்கள் என்று. நம் இலக்கணத்தில் அது அணி, அழகு என்றே வைத்துவிட்டார்கள். இரண்டும் முழுக்க ஒன்று இல்லை, ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடு. கொடிகளைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஆங்கிலக் கவிதையில் மழை ஏன் பெய்கிறது என்பதும் புரியும்.

ஈசூன் சித்தி: அண்ணி, டியூஷன் ஆசிரியர் சொன்னதைப் பற்றி இவரிடம் பேசிவிட்டேன். வீட்டில் தமிழ் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம்.

வெள்ளி

தெம்பனிஸ் அத்தை: "தாத்தா கேவ் மீ டூ டாலர்ஸ்." இதில் ஒன்லி என்ற சொல்லை வேறு வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். பொருள் எப்படி மாறுகிறது?

தம்பி: ஒன்லி தாத்தா: வேறு யாரும் கொடுக்கவில்லை. ஒன்லி டூ டாலர்ஸ்: அதற்கு மேல் இல்லை.

நான்: ஒன்லி கேவ் மீ என்று வைத்தால் எழுத்தில் சரியாகத் தெரியவில்லை. டூ டாலர்ஸ்தான் என்றும் இருக்கலாம், கொடுத்தார், வேறொன்றும் செய்யவில்லை என்றும் இருக்கலாம். பேசும்போது எந்தச் சொல்லை அழுத்துகிறோமோ அதை வைத்துத் தெரியும்.

தெம்பனிஸ் அத்தை: ஆமாம், அதனால்தான் எழுதும்போது எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதற்கு நேர் முன்னால் ஒன்லியை வைக்கச் சொல்கிறேன். தமிழில் "மட்டும்" பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். தாத்தா மட்டும், எனக்கு மட்டும், இரண்டு வெள்ளி மட்டும்.

அப்பா: இந்த வாரம் முழுக்க ரயிலில் படித்துக்கொண்டே போனேன். பதில் போடவில்லை, ஆனால் ஒன்றையும் விடவில்லை.

சனி

தாத்தா: இன்று வார்ம்-அப் நான் போடலாமா?

தெம்பனிஸ் அத்தை: போடுங்கள் அப்பா.

தாத்தா: "பாட்டியின் நாற்காலியில் இப்போது வெயில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது." தம்பி, இதை ஆங்கிலத்தில் சொல்லு.

தம்பி: ஒன்லி த சன்லைட் சிட்ஸ் இன் பாட்டீஸ் சேர் நவ்.

தெம்பனிஸ் அத்தை: ஒன்லி ஏன் முதலில்?

தம்பி: தாத்தா "மட்டும்" என்ற சொல்லை வெயிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அதனால் ஆங்கிலத்தில் சன்லைட்டுக்கு முன்னால். வெயில் தவிர அந்த நாற்காலியில் வேறு யாரும் இல்லை. சிட்ஸ் என்று போட்டால் வெயில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் அது ஆள் இல்லை. அதனால்தான் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

தம்பி: தாத்தா, நாங்கள் டியூஷன் முடிந்ததும் அங்கே வருகிறோம்.

தாத்தா: வா ஐயா. நோட்டையும் எடுத்து வா.