பழைய போர்வெல்லில் ஹைட்ரோ ஃப்ராக்சரிங் செய்த அனுபவம்

போர்வெல்லில் தண்ணீர் குறைந்துவிட்டது, ஹைட்ரோ ஃப்ராக்சரிங் (அழுத்தத்தில் தண்ணீர் செலுத்தி அடிப்பாறையின் வெடிப்பைத் திறப்பது) செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார், அவருக்காக எழுதுகிறேன். நான் இரண்டு முறை செய்து பார்த்தேன். முதல் முறை பணம்தான் போனது.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்டம். அடியில் முழுக்கச் சார்னகைட் பாறை. அந்தக் கல்லுக்குள் தண்ணீர் தங்க இடம் கிடையாது, வெடிப்பில் மட்டும்தான் ஓடும். 420 அடி போர் போட்டபோது பாதிக்கு மேல் ஈரமில்லாத கல்தூசிப் புகைதான் வந்தது. பங்குனியில் காப்பி பூக்க வைக்கும் பூ மழை பொய்த்தால் ஸ்பிரிங்ளருக்கு அந்தப் போரை விட்டால் வேறு வழியில்லை. 20 லிட்டர் வாளி நிறைய 70 நொடி ஆனது.

முதலில் வந்தவர்கள் கேசிங்குக்கு (மேல்மண் சரியாமல் இறக்கும் குழாய்) கொஞ்சம் கீழே ஒரே ஒரு பேக்கரை (துளையை இறுக்கி அடைக்கும் ரப்பர் அடைப்பான்) இறுக்கி, மொத்தப் போருக்கும் சேர்த்து அழுத்தம் கொடுத்தார்கள். அழுத்தமானி முள் 25 கிலோவை (சதுர சென்டிமீட்டருக்கு) தாண்டவில்லை. ஒரு டேங்கர் தண்ணீரும் உள்ளே போனது, வாளிக் கணக்கு மட்டும் மாறவில்லை. மேலேயே திறந்து கிடந்த ஒரு காய்ந்த வெடிப்பு அத்தனையும் குடித்துவிட்டது. அடிக் கல்லுக்கு அழுத்தம் போய்ச் சேரவே இல்லை.

அடுத்த வருடம் வேறு ஆட்கள். மோட்டாரை எடுத்ததும் முதலில் கேமரா இறக்கினார்கள். 190 அடியிலும் 310 அடியிலும் மயிரிழை மாதிரி கோடு தெரிந்தது. அப்புறம் 310 அடிக் கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பேக்கர். முள் 60, 75, 90 என்று ஏறி அங்கேயே நடுங்கியது. திடீரென்று பம்ப் சத்தம் இளகியது, முள் 35-க்கு விழுந்தது. அதன்பிறகும் நிறுத்தாமல் கொஞ்ச நேரம் தண்ணீர் செலுத்தி உள்ளே கழுவினார்கள். 190 அடியில் 110 கிலோ வரை போயும் கல் அசையவில்லை, விட்டுவிட்டோம். கம்ப்ரசர் போட்டு ஃப்ளஷிங் செய்தபோது சாம்பல் நிறக் கல்மாவு கொட்டி, பிறகு தெளிந்தது. வாளி 25 நொடியில் நிறைந்தது.

ஈரமே தட்டாத போரில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நீரோட்டம் இருந்தால்தான் இது வழி திறந்துவிடும்.

— —

அண்ணா, நான் ஓமலூர்க்காரன், எண்ணெய்க் கிணறு வேலையில் இருக்கிறேன். எங்கள் தொழிலிலும் இதே கதைதான். 1947-இல் அமெரிக்காவின் கான்சாஸில் முதன்முதலில் சோதித்தபோது பெரிதாகப் பலன் இல்லை. எண்ணெயும் எரிவாயுவும் அடங்கிய ஷேல் என்ற களிப்பாறையும் உங்கள் கல் மாதிரியே இறுக்கம். அதனால் கிணற்றைப் படுக்கை வாட்டில் ஓட்டி, துண்டு துண்டாக அடைத்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக உடைப்போம். அந்த ஆழத்தில் வெடிப்பு மூடிக்கொள்ளும் என்பதால் மணலும் சேர்த்து அனுப்புவோம். உங்கள் ஆழத்தில் பெரும்பாலும் மணல் வேண்டாம். சொரசொரப்பான கல் துளி நகர்ந்தாலே பழையபடி பொருந்தாது. ஆனால் கல்மாவு மறுபடி அடைக்கலாம், அளந்துகொண்டே இருங்கள்.

— —

சரி தம்பி. மூன்று வருடம் ஆகிறது, மாதம் ஒருமுறை குறித்து வைக்கிறேன். இன்று காலை 28 நொடி.