கலைச்சொல்: ஓர் அஞ்சல்தலை தாளில் எங்கே இருந்தது என்று அறியும் வேலைக்கு என்ன பெயர்?

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நம் அஞ்சல்தலையியல் கலைச்சொல் பட்டியலில் ‘பிளேட்டிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ‘முலாம் பூசுதல்’ என்று நிற்கிறது. உலோகவியல் பட்டியலிலிருந்து வழிதவறி வந்தது. நீக்கிவிடலாம், ஆனால் அந்த இடத்தில் எதை வைப்பது?

பொருள் இதுதான். ஓர் அச்சுத் தகட்டில் நூறோ இருநூறோ உருக்கள் இருக்கும். எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றிலும் நுண்ணிய வேறுபாடு உண்டு: ஒரு கோடு சற்று நீளும், ஒரு புள்ளி கூடுதலாக இருக்கும், சட்டகத்தின் மூலை விட்டுப்போயிருக்கும். பிரிந்து வந்த ஒற்றை அஞ்சல்தலையை இவற்றைக் கொண்டு ‘இது மேலிருந்து மூன்றாம் நிரை, இடமிருந்து ஏழாவது’ என்று நிறுவுவதே இந்த வேலை. இப்படி நிறுவியவற்றை வரிசையாக ஒட்டி முழுத்தாளையே மறுபடி உருவாக்குவதும் உண்டு.

என் முன்வைப்பு: தகட்டமைப்பு. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ந.

செ. எழுதியது:

> இப்படி நிறுவியவற்றை வரிசையாக ஒட்டி முழுத்தாளையே மறுபடி உருவாக்குவதும் உண்டு.

ந. ஐயா, சிக்கலே இந்த ‘உம்’மில்தான். இவை இரண்டு வேலைகள். ஒரே சொல்லில் அடைத்தால் பட்டியலைப் படிப்பவர் குழம்புவார்.

பிரிட்டனில் 1840-இல் வந்த ஒரு பென்னி அஞ்சல்தலையான பென்னி பிளாக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் 240 தலைகள், 20 நிரை, 12 நிரல். நிரைக்கு 12 பென்னி, அதாவது ஒரு ஷில்லிங். முழுத்தாள் ஒரு பவுண்டு. ஒவ்வொரு தலையின் கீழ் மூலைகளிலும் ஓரெழுத்து இருக்கும். இடது எழுத்து நிரையையும் வலது எழுத்து நிரலையும் காட்டும். எனவே எழுத்தைப் பார்த்தவுடனே தாளில் அதன் இடம் தெரிந்துவிடும். அதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ஏஏ முதல் டிஎல் வரை 240 தலைகளைச் சேர்த்து ஒட்டினால் பார்வைக்கு அது முழுத்தாள்தான். ஆனால் ஒன்று 2-ஆம் தகட்டில் அச்சானதாக இருக்கலாம், பக்கத்தில் இருப்பது 8-ஆம் தகடாக இருக்கலாம். அப்படி ஒரு தாள் எந்தக் காலத்திலும் அச்சகத்தை விட்டு வெளியே வந்ததில்லை.

பென்னி பிளாக்கில் கடினமானது தகட்டு எண்ணை அறிவது. 11 தகடுகள். முதல் தகட்டைக் கடினப்படுத்தாமலே அச்சுக்கு ஏற்றியதால் விரைவில் தேய்ந்தது. உருக்களை உருளையால் மறுபடி அழுத்தி எடுத்தார்கள். ஆக 1அ, 1ஆ என்று இரு நிலைகள். மூல அச்சு ஒன்று, அதிலிருந்து எடுத்த எஃகு உருளையைத் தகட்டில் 240 முறை உருட்டினார்கள். எனவே படம் எங்கும் ஒன்றுதான். ஆனால் மூலையெழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் தட்டிப் பதித்தார்கள். எழுத்து கட்டத்துக்குள் எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, இரட்டை விழுந்திருக்கிறதா என்பதே தகட்டைக் காட்டிக்கொடுக்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. 1ஆ, 2, 5, 8, 9, 10, 11 ஆகிய தகடுகளே 1841-இல் சிவப்பு மையிலும் ஓடின. ஒரே தகடு, ஒரே இடம், இரண்டு வெளியீடு. கறுப்பில் முத்திரை மறைத்த பகுதியைச் சிவப்பில் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

எனவே இரு சொல் தேவை: இடமும் தகடும் அறிவதற்கு ஒன்று, தாளை மறுபடி சேர்ப்பதற்கு ஒன்று. பின்னதற்கு தாள் மீட்டுருவாக்கம் போதும்.

செ.

மா. எழுதியது:

இரு சொல் என்பதற்கு வழிமொழிகிறேன். ‘தகடு’ என்று தொடங்கும் எதற்கும் எதிர்ப்பு.

கல்லச்சில் தகடே கிடையாது. அச்சுக்கோத்த தலைகளிலும் இல்லை. ஹவாயின் எண் தலைகள் பத்துப் பத்தாகக் கோக்கப்பட்டவை. அங்கே தேய்ந்த எழுத்தும் சாய்ந்த கோடும்தான் அடையாளம். ‘தகட்டமைப்பு’ என்ற சொல்லை அங்கே எப்படிப் பொருத்துவீர்கள்? ஆங்கிலத்தில் அது பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட சொல், நாம் புதிதாக ஆக்கும்போதும் அந்தக் குறையைச் சுமக்க வேண்டியதில்லை.

சொல் எதுவானாலும் அதன் கீழ் வரும் துணைச்சொற்கள்தான் எனக்கு முக்கியம், ஏனென்றால் இந்தத் துறையில் பிழைகள் அங்கேதான் நேர்கின்றன. ஒரு வழுவைக் கண்டால் அது எந்தப் படியில் பிறந்தது என்பதே முதல் கேள்வி.

மூலவழு: மூல அச்சிலேயே இருப்பது. எல்லாத் தலையிலும் வரும். இடம் அறிய உதவாது.

இடைவழு: உருளையிலோ கல்லச்சின் இடைமாற்றுத் தொகுதியிலோ பிறப்பது. கல்லச்சில் மூலத்தை முதலில் பத்தோ இருபதோ படிகளாக ஒரு தொகுதியாக்கி, அந்தத் தொகுதியைத் திரும்பத் திரும்பக் கல்லில் இறக்குவார்கள். எனவே பத்து உருத் தொகுதியை பத்து முறை இறக்கிய கல்லில் ஒரு இடைவழு பத்து இடங்களில் இருக்கும். இது தலையின் வகையைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

இடவழு: கல்லிலோ தகட்டிலோ ஓரிடத்தில் மட்டும் இருப்பது. நமக்கு வேண்டியது இதுதான்.

தற்செயல் வழு: தூசி, மயிரிழை, மைத்திட்டு. ஒரு தாளில் வந்து அடுத்த தாளில் போய்விடும்.

மூலமே இல்லாமல் ஒவ்வொரு உருவையும் கையால் செதுக்கியவையும் உண்டு. 1850-இன் சிட்னி காட்சித் தலைகளில் ஒரு பென்னித் தகட்டில் 25 உரு, இரண்டு பென்னியில் 24. ஜப்பானின் 1871 டிராகன் தலைகளில் தாளுக்கு 40. அங்கே வழுவைத் தேட வேண்டியதில்லை, மேகத்தின் சுருளும் டிராகனின் நகமும் கட்டத்துக்குக் கட்டம் வேறு. எதிர்முனை அமெரிக்காவின் 1851 மூன்று சென்ட்: உரு உருளையால் வந்தது, ஆனால் வெளிச்சட்டகக் கோடுகளைத் தகட்டில் கையால் திருத்தி வெட்டினார்கள். அஞ்சல்தலை ஆய்வாளர் கேரல் சேஸ் 13 தகட்டு நிலைகளையும், நிலைக்கு 200 வீதம் 2,600 இடங்களையும் பிரித்தறிந்தது அந்தக் கோடுகளை வைத்துத்தான்.

மேலே என்னையறியாமல் ‘கட்டத்துக்குக் கட்டம்’ என்று எழுதியிருக்கிறேன். அதையே எடுத்துக்கொண்டால் என்ன? இடம் = கட்டம். செயல் = கட்டமறிதல். தகடு, கல், கோத்த அச்சு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மா.

இரா. எழுதியது:

‘தாளிடம்’ என்றும் யோசித்தேன். வினையாக்கினால் ‘தாளிடல்’ ஆகி, கதவைத் தாளிட்டுவிடும். வேண்டாம்.

‘கட்டமறிதல்’ நன்று. ஆனால் ‘மூன்றாம் கட்டம்’ என்றால் தமிழில் முதலில் தோன்றுவது மூன்றாவது நிலைதான். தகடு தேயத் தேய, பழுது பார்க்கப் பார்க்க ஒரே இடம் வெவ்வேறு தோற்றம் கொள்ளும் துறை இது. மொரிஷியஸின் 1848 தலைகளில் தாளுக்கு 12 உரு. அதே தகட்டில் தேயாத படி முதல் முற்றும் தேய்ந்த படி வரை உண்டு. ‘மூன்றாம் கட்டத் தேய்வு’ என்று எழுதினால் மூன்றாம் இடத்தில் உள்ள தேய்வா, தேய்வின் மூன்றாம் படியா?

இரா.

செ. எழுதியது:

மா. அம்மா, ‘கட்டமறிதல்’ எனக்கும் உடன்பாடு. இரா. ஐயாவின் ஐயம் நியாயமானது. எண்ணைப் பின்னால் போட்டால் தீரும்: இடத்துக்கு ‘கட்டம் 3’, தேய்வுக்கு ‘நிலை 3’. ‘மூன்றாம் கட்டம்’ என்ற வடிவத்தையே இத்துறையில் விலக்குவோம்.

விளக்கக் குறிப்பில் செய்முறையும் இடம்பெற வேண்டும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் படமெடுப்பு. அங்குலத்துக்கு 1,200 புள்ளி நுணுக்கத்தில் வருடி, ஒரு மில்லிமீட்டர் அளவுகோலையும் அதே சட்டத்துக்குள் வையுங்கள். எல்லாத் தலைகளும் வருடியில் ஒரே திசையில் கிடக்க வேண்டும். வருடியின் உணரி நகரும் திசையில் படம் சற்று நீளக்கூடும், தலைகளைத் திருப்பி வைத்தால் அந்த நீட்சி வேறுபாடாகத் தெரியும். பிறகு இரு படங்களைப் பாதி ஒளியூடுருவலில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடலாம்.

அளவை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். செதுக்கச்சுத் தலைகளை ஈரத்தாளில் அச்சிட்டார்கள். உலரும்போது தாள் சுருங்கும், இழைக்குக் குறுக்கே கூடுதலாக. ஒரே கட்டத்தின் இரு படிகள் அகலத்தில் வேறுபடுவது இதனால்தான். எனவே மில்லிமீட்டரை விடுங்கள், விகிதத்தைப் பாருங்கள்: எழுத்துக்கும் இடது சட்டகக் கோட்டுக்கும் உள்ள தூரம் உருவின் அகலத்தில் எத்தனை பங்கு என்று.

ஒரு வழுவை இடவழு என்று ஏற்கக் குறைந்தது இரண்டு படிகள் வேண்டும். முத்திரைத் தேதி வேறுபட்டால் இன்னும் நல்லது. ஒரே தாளிலிருந்து வந்த இரண்டு தலைகளில் ஒரே தற்செயல் வழு வருவதில்லை என்றாலும், அடுத்தடுத்து அச்சான தாள்களில் தூசி சில படிகளுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து சங்கிலி. ஒற்றைத் தலைகளால் மட்டும் தாள் உருவாகாது, இணைகளும் பட்டைகளும் நாற்கட்டுகளும் வேண்டும். ஒரு கிடை இணையின் வலத்தலையில் உள்ள வழு வேறொரு செங்குத்துப் பட்டையின் மேல்தலையிலும் இருந்தால் இரண்டும் பிணைகின்றன. இப்படிப் பிணைத்துக்கொண்டே போகும்போது ஓரவெள்ளை உள்ள ஒரு தலை கிடைத்தால் சங்கிலி நங்கூரமிடும். அதுவரை அது மிதக்கும் துண்டுதான். பத்து தலைகள் சரியாகப் பிணைந்திருந்தாலும் தாளில் எங்கே என்று சொல்ல முடியாது. துளையிடாத தலைகளில் அண்டைத் தலையின் கோடு ஓரத்தில் தெரிந்தால் அதுவே அரை இணைக்குச் சமம். வெட்டும்போது ஓரத்தைத் தாராளமாக விட்டவருக்கு நன்றி சொல்லிக்கொள்ளலாம்.

இணைகளில் போலி உண்டு. இரு ஒற்றைகளைப் பின்னால் ஒட்டி இணையாக்கியிருப்பார்கள். ஒளிக்கு எதிரே பிடித்து, நீர்க்குறியின் இடைவெளி ஒழுங்காகத் தொடர்கிறதா, இணைப்பில் தாளின் இழை அறுபடாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு போலி இணை சங்கிலியில் நுழைந்தால் அதன் பிறகு வரும் எல்லாக் கட்டங்களும் ஓரிடம் தள்ளிப்போகும். இரண்டு சங்கிலிகள் ஒரே கட்டத்துக்கு இரண்டு வெவ்வேறு வழுக்களைச் சொன்னால் முதலில் இணைகளைச் சந்தேகியுங்கள்.

‘மீட்டுருவாக்கம்’ என்றால் முழுமையாக முடிந்தது என்று பொருள்கொள்ளக் கூடாது என்பதற்கும் ஒரு கணக்கு. 240 கட்டத் தாளிலிருந்து ஒற்றைகள் சமவாய்ப்பில் கைக்கு வருவதாகக் கொண்டால், பாதிக் கட்டங்கள் நிரம்பச் சராசரியாகச் சுமார் 166 தலைகள் போதும். முழுவதும் நிரம்ப ஏறக்குறைய 1,454 வேண்டும். கடைசி ஒரு கட்டத்துக்கு மட்டுமே 240. எனவே விளக்கத்தில் ‘முழுமையாகவோ பகுதியாகவோ’ என்ற தொடர் கட்டாயம்.

செ.

மா. எழுதியது:

செ. சொன்ன ‘இரண்டு படி’ விதிக்கு ஒரு விலக்கைக் குறிப்பில் சேர்க்கவேண்டும். விமானப் படம் தலைகீழாக அச்சான அமெரிக்கத் தலையான 1918-இன் தலைகீழ் ஜென்னியில் வெளிவந்தது 100 தலைகளுள்ள ஒரே தாள். அங்கே ஒப்பிட இரண்டாம் படி கிடையாது. அதே காரணத்தால் தற்செயல் வழுவும் சான்றாகிறது: விமானம் சட்டகத்துக்குள் எவ்வளவு விலகியிருக்கிறது, துளைவரிசை எங்கே வெட்டுகிறது என்பதெல்லாம். பின்புறம் பென்சிலால் 1 முதல் 100 வரை எண்ணும் எழுதப்பட்டது. 1955-இல் திருடுபோன நாற்கட்டு 65, 66, 75, 76 ஆகிய கட்டங்கள். 2016-இல் வெளிப்பட்ட தலையைக் கட்டம் 76 என்று நிறுவ முடிந்தது. ஆக, கட்டமறிதல் தகட்டை நோக்கியும் நடக்கும், ஒரே ஒரு தாளை நோக்கியும் நடக்கும். ‘கட்டம்’ என்ற சொல் இரண்டையும் தாங்குகிறது.

தேய்ந்த உருவை உருளையால் மறுபடி அழுத்துவதற்கு யாரோ ‘மறுபதிப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். அது தலையையே மீண்டும் அச்சிடுவது, சேகரிப்பாளருக்கு முற்றிலும் வேறு பொருள். மறுவழுத்தம் என்று மாற்றுகிறேன். முதல் உருவும் இரண்டாவதும் முழுதாகப் பொருந்தாமல் கோடுகள் இரட்டிப்பதை ‘இரட்டைப்பதிவு’ என்று தனியாக வைக்கலாம்.

மா.

ந. எழுதியது:

‘தகட்டமைப்பு’ திரும்பப் பெறப்பட்டது. பட்டியலில்: கட்டமறிதல், தாள் மீட்டுருவாக்கம், கட்டம், நிலை, நான்கு வழுக்கள், மறுவழுத்தம், இரட்டைப்பதிவு. ‘எழுத்துவரிசைத் தொகுப்பு’ என்ற ஒன்றையும் சேர்த்துவிட்டேன், பல தகடுகளின் தலைகளை மூலையெழுத்துப்படி ஒட்டியவற்றுக்கு. விற்பனைப் பட்டியல்களில் இதையும் மீட்டுருவாக்கம் என்றே எழுதுகிறார்கள், விலை வேறுபாடு பெரிது.

ஒரு நடைமுறைச் சிக்கல் பாக்கி. மூலையெழுத்துகளைத் தமிழில் எழுதும்போது இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் ‘பி’தான். நான்காவதும் இருபதாவதும் ‘டி’தான். நிரைகள் இருபது என்பதால் இந்த நான்கும் நிரையெழுத்தாக வரும். ‘டிபி’ என்று எழுதினால் நான்காம் நிரையா, கடைசி நிரையா என்று தெரியாது. நிரலில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே எழுத்துகள் பன்னிரண்டோடு நின்றுவிடுகின்றன. எனவே எடுத்துக்காட்டுகளில் எழுத்தை விட்டுவிட்டு ‘தகடு 5, நிரை 20, நிரல் 2’ என்ற வடிவில் மட்டும் எழுதுவோம். செ. முதல் மடலில் எழுதிய ‘ஏஏ முதல் டிஎல் வரை’யும் பட்டியலில் ‘நிரை 1 நிரல் 1 முதல் நிரை 20 நிரல் 12 வரை’ என்று மாறும்.

ந.